பழைய கார் கற்றுத் தந்த பாடம்

(சர் ஹென்றி ராய்ஸ் வாழ்க்கை வரலாறு, 1863 – 1933)

மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். காரணம் வேறொன்றுமில்லை. மூன்று மாதமாக நான் வாயைத் திறந்தால் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறேனாம். அந்த ஆள் ஹென்றி ராய்ஸ். ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரில் பின்பாதிக்குச் சொந்தக்காரர்.

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? மகாராஜா, சினிமா நடிகர், கோடி ரூபாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் காரைச் செய்தவர் ஒரு மாவு மில்காரர் மகன் என்றும், பள்ளிக்கூடப் படிப்பே ஒரு வருடம்தான் என்றும், பணம் கட்ட முடியாமல் தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டவர் என்றும் நம் நூலகத்தில் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் எங்கப்பாவும் மாவு மில்தான். அதுவும் சொந்த மில் இல்லை, குத்தகை மில்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அது மட்டுமல்ல. அவர் வாங்கிய ஒரு பழைய கார். வேறொருவர் ஓட்டி முடித்து விற்ற செகண்ட் ஹேண்ட் வெளிநாட்டுக் கார். அந்தக் கார் மட்டும் இல்லையென்றால் ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரே இருந்திருக்காது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மில்காரர் மகன்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் அல்வால்டன் என்று ஒரு கிராமம். அங்கே 1863 மார்ச் 27 அன்று பிறந்தார் ஃபிரடெரிக் ஹென்றி ராய்ஸ். வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பா ஒரு மாவு மில்லைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். தொழில் நொடித்துப் போனது. பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போனார்கள். 1872-ல், ராய்ஸுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அப்பா ஏழைகள் விடுதியில் இறந்து போனார்.

அதன் பிறகு அந்தப் பையனுக்குப் படிப்பு ஏது? தெருவில் செய்தித்தாள் விற்றார். கொஞ்சம் வளர்ந்ததும் தபால் ஆபீசில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் முறையாக உட்கார்ந்து படித்தது மொத்தமாகச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரே ஒரு வருடம். நம்மில் பலர் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் கடினம் என்று அலுத்துக் கொண்டோம். அவருக்கு அலுத்துக் கொள்ளக்கூட வகுப்பு கிடைக்கவில்லை.

அத்தை கட்டிய 20 பவுண்ட்

1878-ல் ஒரு கதவு திறந்தது. பெற்றோருடன் பிறந்த ஓர் அம்மாள், நம் ஊர் முறைக்கு அத்தையோ சித்தியோ, வருடத்துக்கு 20 பவுண்ட் பணம் கட்டி, பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் அவரை அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்ரண்டிஸுக்குச் சம்பளம் கிடைப்பது ஒரு பக்கம், சேருவதற்கு வீட்டில் பணம் கட்டுவது இன்னொரு பக்கம். ராய்ஸ் தங்கியிருந்த வீட்டுக்காரரும் அதே பட்டறை ஆள். வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அவர் ஒரு சின்ன லேத் வைத்திருந்தார். பகலில் ரயில்வே பட்டறை, ராத்திரியில் அந்தக் கொட்டகை. அரம் பிடிப்பதையும் ஃபிட்டிங் வேலையையும் ராய்ஸ் நன்றாகப் படித்தது அங்கேதான்.

முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக ராவுவதற்குள் நமக்குக் கை கொப்பளித்ததே, ஞாபகம் இருக்கிறதா? வெளிச்சத்துக்கு நேரே மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் சந்தில் வெளிச்சம் தெரியும். மறுபடி ராவு என்பார்கள். அந்த வெளிச்சம் தெரியாத வரைக்கும் விடாத ஆள்தான் ராய்ஸ்.

மூன்று வருடம் ஆனது. அதற்கு மேல் அந்த அம்மாளால் பணம் கட்ட முடியவில்லை. பயிற்சி பாதியில் நின்றது. கையில் சான்றிதழ் இல்லை. வேலை தேடி அலைந்து, லீட்ஸ் நகரத்தில் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். வாரத்துக்கு 54 மணி நேர வேலை, கூலி 11 ஷில்லிங்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் உண்டு. எனக்கு முதல் வருட ஃபீஸ் கட்டியது எங்க அத்தை. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து, சீட்டுப் போட்டு எடுத்த பணம் அது. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அத்தை கை வறண்டால் எனக்கும் படிப்பு நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

பட்டறைக்கு மேலே ஒரு அறை

லீட்ஸிலிருந்து ராய்ஸ் லண்டனுக்கு வந்தார். மின்சாரம் அப்போதுதான் உலகத்துக்கு அறிமுகமாகிக் கொண்டிருந்த காலம். ஒரு மின்விளக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பகலில் வேலை பார்த்துவிட்டு, மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தார். இன்றைக்கு நம் கல்லூரிகளில் வேலை பார்த்துக் கொண்டே பகுதி நேர டிப்ளமோ படிக்கும் அண்ணன்களைப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. 1882-ல் லிவர்பூலுக்குப் போனார். தெருவுக்கும் நாடகக் கொட்டகைக்கும் மின்விளக்குப் போடும் பொறுப்பு கிடைத்தது. வயது 19. இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது.

அவர் மறுபடி வேலை தேடவில்லை. 1884-ல் மான்செஸ்டர் நகரத்தின் குக் தெருவில் சொந்தப் பட்டறை ஆரம்பித்தார். கூட்டாளி எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பர். கிளேர்மான்ட் போட்டது 50 பவுண்ட். ராய்ஸ் மிச்சம் பிடித்து வைத்திருந்தது 20 பவுண்ட். எந்த 20 பவுண்ட் இல்லாமல் படிப்பு நின்றதோ, அதே 20 பவுண்ட்!

இரண்டு பேரும் பட்டறைக்கு மேலே இருந்த அறையிலேயே தங்கினார்கள். எனாமல் பூச்சு வேலைக்கு வைத்திருந்த அடுப்பிலேயே சமையலும் நடந்தது. முதலில் வீட்டு வாசலில் அடிக்கும் மின்சார மணி போன்ற சின்னச் சின்னச் சாமான்கள் செய்தார்கள். பிறகு டைனமோ. அதன் பிறகு மின்சாரக் கிரேன். ராய்ஸ் செய்த கிரேனும் டைனமோவும் உழைக்கும் என்று பெயர் பரவியது. இன்னொரு செய்தி: அழுத்தித் திருப்பி மாட்டுகிற பேயனெட் வகை பல்பு ஹோல்டர் நம் வீடுகளில் இருக்கிறதல்லவா, அந்த வகைப் பல்பில் சில மேம்பாடுகள் செய்து 1897-ல் காப்புரிமை வாங்கியவர்களில் ராய்ஸும் ஒருவர். ஈ.இ.இ. நண்பர்களும் அவரைச் சொந்தம் கொண்டாடலாம்!

1900-க்குப் பிறகு தொழிலில் மந்தம் வந்தது. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விலை குறைந்த மின் இயந்திரங்கள் வந்து இறங்கின. தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்க ராய்ஸ் சம்மதிக்கவில்லை. ராத்திரி பகலாக உழைத்தார். வேளாவேளைக்குச் சாப்பிட மாட்டார். பட்டறைப் பையன் பால் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றுவானாம். கடைசியில் 1902-ல் உடம்பு படுத்துவிட்டது. கட்டாயப்படுத்தி அவரைப் பத்து வார ஓய்வுக்குத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஓய்வு எடுக்கப் போன மனிதர் கூடவே கொண்டுபோனது என்ன தெரியுமா? மோட்டார் காரின் அமைப்பைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய புத்தகம்!

செகண்ட் ஹேண்ட் கார்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

ராய்ஸிடம் அதற்கு முன்பே டி டியோன் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் குவாட்ரிசைக்கிள் இருந்தது. நாலு சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு லேசான வண்டி. ஊர் சுற்ற அது போதும். ஆனால் ஓய்விலிருந்து திரும்பி வந்தவர் ஒரு பழைய டெகாவில் காரை வாங்கினார். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். இதுவும் பிரெஞ்சு வண்டிதான். டெகாவில் என்பது குறுகிய ரயில் பாதைகள் போட்டுப் பெயர் வாங்கிய கம்பெனி. அந்தக் காலத்தில் கார் என்றாலே பிரான்சுதான். இங்கிலாந்துக்காரர்களுக்கு அது கடல் தாண்டி வந்த அபூர்வப் பொருள்.

இந்த இடத்தில் பலரும் ஒரு கதை சொல்வார்கள். அந்த டெகாவில் ஒரு ஓட்டை வண்டி, வாங்கிய அன்றே மக்கர் பண்ணியது, கோபத்தில் ராய்ஸ் தானே ஒரு கார் செய்தார் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார் செய்யும் எண்ணம் அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. டெகாவில் அந்தக் காலத்து நல்ல கார்களில் ஒன்று. அதனால்தான் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதே பொருத்தமான விளக்கம். மோசமான வண்டியைப் பிரித்துப் பார்த்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? நல்ல வண்டியைப் பிரித்தால்தான், அதை விட நல்லது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும்.

அவர் ஏன் பழைய வண்டியை வாங்கினார் என்பதற்கு நான் என் மனசில் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அது என் சொந்தக் கருத்து, மெக்கானிக்கல் படிக்கும் நீங்களே சரியா தப்பா என்று சொல்லுங்கள். புது இயந்திரம் தன் குறையை மறைத்து வைத்திருக்கும். பெயின்ட் பளபளக்கும், போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கும். ஓடித் தேய்ந்த இயந்திரம் மறைக்காது. எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த இடம் சூடாகிக் கறுத்திருக்கிறது, எந்த ரிவெட் ஆட்டம் கொடுத்திருக்கிறது, எங்கே எண்ணெய் கசிந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் அதன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும். படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு பாடப்புத்தகம்.

ராய்ஸ் அந்தப் பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் கழட்டிப் பார்த்தார். இது ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது, பற்றவைக்கும் பொறி ஏன் சில நேரம் தவறுகிறது, கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் ஏன் சீராகக் கலக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். மின்சாரத்தில் 20 வருடம் ஊறியவர் என்பதால், இக்னிஷன் அமைப்பு அவருக்குக் கைவந்த கலை. புதிதாக எதையும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவர் அலையவில்லை. டெகாவில் காரின் பொது அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, அதில் இருந்த ஒவ்வொரு உறுப்பையும் இன்னும் சரியாக, இன்னும் துல்லியமாகச் செய்தார். கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் அப்ரண்டிஸ் பையன்கள், நம்மைப் போல!

1903 செப்டம்பரில் அவருடைய முதல் எஞ்சின் ஓடியது. 1904 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினத்தில், குக் தெருப் பட்டறையிலிருந்து முதல் ராய்ஸ் கார் வெளியே வந்தது. ராய்ஸ் அதை சுமார் 15 மைல் தூரத்தில் நட்ஸ்ஃபோர்டில் இருந்த தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அந்த 10 குதிரைத்திறன் காரில் மொத்தம் மூன்றுதான் செய்தார்கள். இரண்டாவது கார் கூட்டாளி கிளேர்மான்ட்டுக்கு. வழியில் நின்று போனால் ஏறிக்கொள்ள என்று, பின்னாலேயே ஒரு குதிரை வண்டியை வரச் சொல்லிவிட்டுத்தான் அவர் காரில் போவார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சொந்தக் கூட்டாளிக்கே அவ்வளவு நம்பிக்கை!

பிரபு மகனும் மில்காரர் மகனும்

மூன்றாவது கார் ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவருக்குப் போனது. அவருக்கு லண்டனில் ஒரு நண்பர், பெயர் சார்லஸ் ரோல்ஸ். பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர், வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்து விற்பவர். நல்ல இங்கிலாந்துக் கார் ஒன்று கிடைக்காதா என்று அவருக்கு ஏக்கம். ராய்ஸுக்கோ லண்டன் போக நேரமில்லை. ஆகவே ரோல்ஸே ரயிலேறி வந்தார். 1904 மே 4 அன்று மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள்.

இரண்டு சிலிண்டர் கார் என்றால் உதறும், இரையும் என்பது அன்றைய அனுபவம். ரோல்ஸுக்கு அந்த வகையே பிடிக்காது. ராய்ஸ் காரில் ஏறி ஓட்டிப் பார்த்தவர், அது போன அமைதியைக் கண்டு மனம் மாறிவிட்டார். ராய்ஸ் செய்யும் கார்கள் எல்லாவற்றையும் தானே விற்கிறேன் என்றார். 1904 டிசம்பர் 23-ல் ஒப்பந்தம் ஆனது. 1906-ல் ரோல்ஸ் ராய்ஸ் லிமிடெட் பதிவு செய்யப்பட்டது.

அடுத்து வந்ததுதான் ஆறு சிலிண்டர் 40/50 குதிரைத்திறன் கார். அதில் வெள்ளி நிறத்தில் செய்த ஒன்றுக்கு சில்வர் கோஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். 1907-ல் அந்தக் காரை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 629 மைல் ஓடியதும் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானாக மூடிக்கொண்டு கார் நின்றது. அதன் பிறகு 14,371 மைல் தூரம் கோளாறு என்று ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் ஆட்டோமொபைல் கிளப் அதிகாரிகள் காரை முழுக்கப் பிரித்து, தேய்மானத்தை அளந்து பார்த்தார்கள். புதுசு போல ஆக்கத் தேவைப்பட்ட உதிரிப் பாகங்களின் செலவு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்!

கவனித்தீர்களா நண்பர்களே? ஐந்து வருடத்துக்கு முன் ராய்ஸ் யாரோ ஓட்டிய காரைப் பிரித்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். இப்போது அவர் செய்த காரை மற்றவர்கள் பிரித்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று தேடினார்கள். தேட வேண்டியிருந்தது!

ஓடாத உடம்பு, ஓயாத பென்சில்

1908-ல் டெர்பி நகரத்தில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1910 ஜூலை 12 அன்று ரோல்ஸ் தன் விமானம் உடைந்து விழுந்து இறந்தார். வயது 32. இங்கிலாந்தில் மோட்டார் விமான விபத்தில் இறந்த முதல் ஆங்கிலேயர் அவர்தான். அடுத்த வருடம் ராய்ஸ் படுக்கையில் விழுந்தார். 1912-ல் பெரிய அறுவை சிகிச்சை. அதிக நாள் தாங்க மாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டை அலட்சியப்படுத்திய வருடங்கள் அவரிடம் வட்டியும் முதலுமாக வசூல் செய்தன. ராய்ஸிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடாத பாடம் அது ஒன்றுதான். மெஸ் சாப்பாடு எப்படி இருந்தாலும் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்!

டெர்பி ஆலையின் அன்றாட வேலைக்கு அவர் திரும்பவில்லை. குளிர்காலத்தில் பிரான்சின் தென்கரை, மற்ற மாதங்களில் இங்கிலாந்தின் கடலோரம் என்று வாழ்ந்தார். 1917 முதல் வெஸ்ட் விட்டரிங் என்ற கடற்கரைக் கிராமம் அவர் ஊரானது. வரைபடக்காரர்கள் அவர் பக்கத்திலேயே இருந்து வேலை பார்த்தார்கள். அங்கே வரைந்தது டெர்பிக்குப் போகும், அங்கே செய்து பார்த்த முடிவு இங்கே வரும். அதிக நாள் தாங்காது என்ற உடம்பை வைத்துக்கொண்டு இன்னும் 21 வருடம் அப்படி வேலை செய்தார்.

முதல் உலகப் போர் காலத்தில் விமான எஞ்சின் பக்கம் வந்தார். 1915-ல் ஈகிள் எஞ்சின் ஓடியது. 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு விமானிகள் அட்லாண்டிக் கடலை முதன்முதலாக நிற்காமல் பறந்து கடந்தபோது, அவர்கள் விமானத்தில் இருந்தவை இரண்டு ஈகிள் எஞ்சின்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் தள்ளிவிட ஆள் கிடையாது. யோசித்துப் பாருங்கள்.

பிறகு வந்தது ஷ்னைடர் கோப்பை விமானப் பந்தயத்துக்கான ஆர் என்ற எஞ்சின். கைத்தடியால் கடற்கரை மணலில் கோடு போட்டு அதன் அமைப்பை ராய்ஸ் விளக்கினார் என்று சொல்வார்கள். 1929-லும் 1931-லும் அந்த எஞ்சின் பொருத்திய விமானம் ஜெயித்தது. 1931-ல் மணிக்கு 407 மைல் என்ற உலக வேகச் சாதனையும் படைத்தது. அதன் சக்தி 2,300 குதிரைத்திறனுக்கு மேல். குக் தெருவில் பழைய காரைப் பார்த்துச் செய்த எஞ்சினின் சக்தி 10 குதிரைத்திறன்! நடுவில் 28 வருடம்தான்.

1930-ல் அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. அதற்குப் பிறகும் அவர் தன்னை ஒரு மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார். 1933 ஏப்ரல் 22 அன்று வெஸ்ட் விட்டரிங்கில் காலமானார். அதே வருடம் அக்டோபரில், அவர் காலத்தில் வடிவமைக்கத் தொடங்கிய ஒரு புது எஞ்சின் சோதனை மேடையில் முதல் முறையாக ஓடியது. அதுதான் பிறகு மெர்லின் என்று பெயர் பெற்றது. 1940-ல் இங்கிலாந்தின் வானத்தைக் காத்த ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் ஓடியது அதுதான். ராய்ஸ் அதைப் பார்க்கவில்லை. அவருடைய அஸ்தி பிற்பாடு அல்வால்டன் தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அப்பா மில் நடத்தித் தோற்ற அதே கிராமம்.

எங்கள் பழைய வண்டி

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லி முடிக்கிறேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய் ஆகிவிடும்.

எங்கள் புராஜெக்ட் குழுவில் ஐந்து பேர். தலைக்கு மூவாயிரம் கொடுத்தால் பெயின்ட் அடித்து, ரிப்போர்ட் பைண்டிங் பண்ணி, ரெடிமேடாகக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு யோசனை வந்தது. புதுசு, பளபளப்பு, மார்க் நிச்சயம். ஓட்டுப் போட்டபோது முதல் கையைத் தூக்கியவன் நான்தான். வீட்டுக்குப் போய் அத்தையிடம் மூவாயிரம் கேட்டேன். எதற்கு என்று கூட அத்தை கேட்கவில்லை. தோட்டை அடகு வைத்துத் தருகிறேன், திங்கட்கிழமை வாங்கிக்கொள் என்றது.

அந்த வாரக் கடைசியில்தான் ராய்ஸ் புத்தகம் என் கைக்கு வந்தது. 20 பவுண்ட் கதையையும் பழைய கார் கதையையும் ஒரே மூச்சில் படித்தேன். ஒரு அத்தை தன் பணத்தைக் கொடுத்தது, பையன் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று. எங்க அத்தை தோட்டை வைக்கப் போவது, நான் கற்றுக்கொள்ளாமல் தப்பித்துக்கொள்ள. இதை நினைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை அத்தையிடம் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நண்பர்களிடம் ராய்ஸ் கதையைச் சொன்னேன். இரண்டு நாள் சண்டை. ஒருவன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். கடைசியில் ஐந்து பேருமாகக் காயலான் கடைக்குப் போய், ஒரு பழைய பைக் எஞ்சினை 1,800 ரூபாய்க்கு வாங்கி வந்தோம். கழட்டினோம். சிலிண்டர் போரை அளந்து பார்த்தால் வட்டம் கெட்டு முட்டை வடிவமாக இருந்தது. பாடத்தில் ஓவாலிட்டி என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறோம், அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தோம். லேத் பட்டறையில் கொடுத்து மறுபடி போர் போட்டோம். பிஸ்டன், ரிங் மாற்றினோம். முதல் தடவை கிக்கரை மிதித்தபோது ஓடவில்லை. பதினைந்தாவது தடவையும் ஓடவில்லை. டைமிங்கைத் தப்பாக வைத்திருந்தோம். மறுபடி கழட்டினோம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது ஓடியது. நிறையப் புகை, நிறையச் சத்தம். ராய்ஸ் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு மறுபடி கழட்டச் சொல்லியிருப்பார். ஆனால் பேசாமல் இருந்த நண்பன்தான் அன்றைக்கு முதலில் சத்தம் போட்டுக் கத்தினான்.

இந்த மலர் அச்சுக்குப் போகும்போது எங்கள் வைவா இன்னும் நடக்கவில்லை. எத்தனை மார்க் வரும் என்று தெரியாது. ரெடிமேட் புராஜெக்ட் எங்களதை விட அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த எஞ்சினில் எந்தப் பாகத்தைத் தொட்டுக் கேட்டாலும் எங்கள் ஐந்து பேரில் யாரும் பதில் சொல்லுவோம்.

போன வாரம் எங்கப்பா மாவு மில் மோட்டாரில் ஒரு மாதிரி சத்தம் வருகிறது என்றார். காதை வைத்துக் கேட்டேன். பேரிங். நானே கழட்டி மாற்றினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டை மாட்டி, சுவிட்சைப் போட்டு, சத்தம் நின்றதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, அடுத்த வாளிக் கோதுமையைக் கொட்டினார்.

நண்பர்களே! புதுசு வாங்க நம்மில் நிறையப் பேருக்கு வசதி இல்லை. அதற்காக வெட்கப்பட வேண்டாம். நம் கைக்கு வருவது பழசாகத்தான் இருக்கும். அதைப் பிரித்துப் பாருங்கள். பிரித்ததை, முன்பு இருந்ததை விடக் கொஞ்சம் நன்றாக மாட்டுங்கள். மான்செஸ்டரில் ஒரு மில்காரர் மகன் செய்தது அதைத்தான்.